நான்கு குப்பி எச்சில்

மயிலாப்பூரில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தங்கைக்கு மூன்று வருடமாக ஒரே பல்லவி: "அக்கா, நீ மனசு வச்சா எழுந்துடுவே." பெசன்ட் நகர் பீச்சில் தினமும் நடந்தால் எல்லாம் சரியாகிவிடுமாம். ஒருநாள் அவள் பேச்சைக் கேட்டு நடந்தேன். அடுத்த நான்கு நாள் படுக்கை. அதற்கும் மனசுதான் காரணம் என்றாள். எரிச்சல் வராதா?

டீச்சர் வேலையையே விட வைத்த இந்த அசதிக்கு, நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் சொன்னவர் தேனாம்பேட்டையில் ஒரு பெண் டாக்டர். கார்டிசால் என்ற ஹார்மோனையும் பார்த்துவிடலாம் என்று நான்கு குப்பிகள் கொடுத்தார். ஒரே நாளில் நான்கு வேளை எச்சில் துப்ப வேண்டும். முதல் குப்பி, கண் விழித்த உடனே. பல் தேய்க்கக் கூடாது, காபி கூடவே கூடாது. பொழுது விடிந்ததும் உடம்பை உசுப்பிவிடும் அந்த ஹார்மோன் எனக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்று அதில் தெரியுமாம். குறைவாக வந்தால் தங்கையின் வாயை அடைக்கலாம். நார்மல் என்று வந்துவிட்டால்? நினைக்கவே பயமாக இருந்தது.

எச்சில் எடுக்க வேண்டிய அன்று காலை அலாரம் வைத்துக்கொண்டு தங்கையே வந்து நின்றாள். வழக்கமாக ஒரு மணி நேரம் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, முகம் கழுவி, தலைவாரிய பிறகுதான் அவள் கண்ணில் படுவேன். என்ன வீம்போ! அன்று அதற்கு வழியில்லை. குப்பியின் மூடியைத் திறக்க விரலில் வலு இல்லை. வாயும் வறண்டு கிடந்தது.

"மாங்கா ஊறுகாய நினைச்சுக்கோக்கா," என்றாள். சிரித்தேன். அதற்கே மூச்சு வாங்கியது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மூடியைத் திறந்து, குப்பியை என் வாயருகே பிடித்தாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கடைசிக் குப்பிவரை கூடவே இருந்தாள்.

அடுத்த வாரம் தங்கையும் என்னோடு வந்தாள். டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்தார். "காலையில கொஞ்சம் கம்மி. ஆனா நார்மல் அளவுக்குள்ளதான் வருது."

போச்சுடா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டாக்டர், அதனால அக்காவுக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிடாதீங்க," என்றாள் தங்கை.

"மாட்டேம்மா. இந்த நம்பரை மட்டும் வச்சு யாரும் முடிவு பண்றதில்ல. இருக்கிற தெம்புக்குள்ள நடமாடட்டும். மெல்லத் தேற வாய்ப்பிருக்கு. ஒண்ணுமில்லன்னு யார் சொன்னா?"

"நான்தான் டாக்டர். மூணு வருஷமா நான்தான் சொல்லிட்டிருந்தேன்."

அந்த இடத்திலேயே வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.