தம்பி பிடித்த ஸ்டியரிங்

“அதத் தொடாதடி! அவன் கை இன்னும் அதுல இருக்கு.”

ஸ்டியரிங்கைத் துடைக்கப் பழந்துணியோடு காருக்குள் குனிந்த மனைவியிடம் ஸ்பேனர் இப்படித்தான் சீறினார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றவள் வைத்த பெயரை டிப்போ எப்போதோ தின்றுவிட்டது; பட்டப்பெயர்தான் மிச்சம்.

“செத்தவன் கைக்கும் சேர்த்து நான் சோறு போடணுமா?” என்றாள் அவள். ஆனாலும் துணியைக் கீழே போட்டாள்.

அது அவர் தம்பியின் வண்டி. இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். நேர்ச் சாலையில் போகும்போது நெஞ்சு வலித்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தம்பி போய்விட்டான். வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. அதற்குப் பிறகு ஸ்பேனர் ஓட்டும்போதெல்லாம் அது இடப்பக்கமே இழுத்தது. ஒரு சாண் திருப்பினால்தான் சக்கரம் அசையும். திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், தம்பிதான் இழுக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. பயந்தார். அந்தப் பயம் இல்லாமலும் அவரால் இருக்க முடியவில்லை.

“சரி பண்ணுங்க, இல்ல வித்துத் தொலைங்க. ரெண்டு பேர் ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்.”

வண்டியைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. பாக்ஸுக்கு எங்கே போவது? காயலான் கடை கடையாக ஏறி இறங்கினார்.

“மாமா, பேசாம எங்க கடையிலயே பாய் போட்டுப் படுத்துக்குங்க” என்று சிரித்தாள் ஒரு கடைக்காரி. கடைசியில் அவளிடமே வேறொரு சின்னக் காரில் அதே வேலையைச் செய்த ஸ்டியரிங் ரேக் என்ற பல்சட்டத்தை வாங்கி, பாக்ஸைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்.

மனைவியை ஏற்றிக்கொண்டு வாசலில் வலப்பக்கம் திருப்பினார். வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. இன்னும் திருப்பினார். மதில் நெருங்கியது.

“விடுடா! தம்பி, விடுடா!”

அவள்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள்.

அடியில் படுத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்த ரேக் முன்சக்கர அச்சுக்கு முன்னால் மாட்ட வேண்டியது. இவர் பழைய பாக்ஸ் இருந்த இடத்திலேயே, அச்சுக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அப்படி மாட்டினால் வலம் இடமாகும். டிப்போவில் வேறு யாராவது செய்திருந்தால் காறித் துப்பியிருப்பார்.

“என்னங்க, அவன்தானா?”

“இல்லடி. அவன் இல்ல. நான்தான்.”

சொன்னவர் வெளியே வரவில்லை. அங்கேயே கிடந்து தேம்பினார்.

“அழறதுன்னா வெளிய வந்து அழுங்க. முதுகுல கல்லு குத்தும்.”

மறுவாரம் பின்னால் மாட்டுவதற்கென்றே செய்த ரேக்கைத் தேடிப் பிடித்து மாட்டினார். வலம் திருப்பினால் வலம் போனது. ஒரு விரலுக்கே சுழன்றது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கை ஒரு நொடி தயங்கி, அந்த இழுப்புக்காகக் காத்திருந்தது. யாரும் இழுக்கவில்லை.

அந்த ரேக்கின் விலை ஒன்றரை மாதப் பென்ஷன்.