இல்லை என்று சொல்ல நேரில் வந்தவர்

அன்ரன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி தொலைபேசியில்தான் வந்தது. மருத்துவமனையிலிருந்து அவருடைய மகள் அழைத்தாள். "அன்ரி, அப்பா விடிய..." என்றாள். கெட்ட செய்தியை ஒருநாளும் தொலைபேசியில் சொல்லாத மனிதர் அவர். அவருடைய செய்தி இப்படியா வரவேண்டும் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அழுதேன்.

மொன்றியலில், புவாண்ட்-கிளேர் வங்கிக் கிளையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. கடன் கேட்டு வருபவர்களின் விண்ணப்பங்களைப் பார்ப்பது எங்கள் வேலை. கடன் கொடுப்பதில்லை என்று முடிவானால் கடிதம் அனுப்பினால் போதும். இவரோ கடிதம் போகுமுன் ஆளின் வீட்டுக்கே போய்விடுவார். செயின்ட்-மிஷேலில் சாப்பாட்டுக்கடை போட ஆசைப்பட்ட செபமாலை அண்ணையிடம் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அண்ணை, கடன் கிடையாது. வேண்டாமெண்டு முடிவெடுத்தது நான்தான். ஏசிறதெண்டா இப்பவே ஏசுங்கோ."

செபமாலை அண்ணை குறையில்லாமல் ஏசினார். இவர் எழும்பாமல் இருந்து கேட்டார். அந்த இருவரும் பிறகு எப்படி இணைபிரியாத நண்பர்களானார்கள் என்பது இன்று இந்தக் கோயிலில் அவருக்காகக் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று திரும்பும் வழியில், "இல்லையெண்டு சொல்லுறவன்ர முகம் தெரிய வேணும், தங்கச்சி" என்றார்.

கலியாணம் அவரை எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் வெர்மாண்டுக்குக் கொண்டுபோனது. அங்கேயும் வங்கி. பிறகு அந்த மாநிலச் சட்டசபைக்கே தெரிவானார். "எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டிற வேலை அண்ணை அது, உங்களுக்குச் சரிவராது" என்று சிரித்தேன். சரிவரவில்லைத்தான். தன் தொகுதிப் பால்பண்ணைக்காரர்கள் எதிர்பார்த்திருந்த ஒரு சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். அதோடு நில்லாமல், பனிக்குள் பண்ணை பண்ணையாகப் போய் ஏன் என்றும் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதையும் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துதான் சொன்னார். "தோத்துப்போனன். ஆனா ஒருத்தரும் கதவைச் சாத்தேல்லை."

மனைவி இறந்தபின் மொன்றியலுக்கே திரும்பிவிட்டார். நோய் வந்தது. இன்னொரு முறை வைத்தியம் செய்யுங்கள் என்று நான் அரித்தெடுத்தேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்பார். போன மாதம் என் வீட்டு மாடிப்படிகளை இளைக்க இளைக்க ஏறி வந்தார். தெம்பாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டு, ஓடிப்போய்த் தேத்தண்ணி போட்டேன். குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"இனி வைத்தியம் வேண்டாம், தங்கச்சி. ஏசிறதெண்டா இப்பவே ஏசுங்கோ."

வெறுங்கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினேன்.

மகளின் அழைப்புக்குப் பிறகு, செபமாலை அண்ணைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தேன். எடுத்ததை வைத்துவிட்டு, பஸ் பிடித்துச் செயின்ட்-மிஷேலுக்குப் போனேன். அன்ரன் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். கதவைத் திறந்தவர் என் முகத்தையே பார்த்தார். "இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி போடுறன்" என்று உள்ளே போனார்.

மெல்ல மெல்லத்தான் குடித்தேன். கோப்பையைக் கீழே வைத்ததும் அவர் அழத் தொடங்கினார்.