சம்பந்திக்கு வில்லன் மியூசிக்

அக்கா மகளின் கல்யாண வீடியோ தயாராகி வந்த அன்று மாலை, அக்கா போனில் அழுதாள். "சாமி, சம்பந்தி மண்டபத்துக்குள்ள வாரப்ப வில்லன் மியூசிக்கப் போட்டு வெச்சிருக்கான்டா!"

போய்ப் பார்த்தேன். மறுப்பதற்கில்லை. சம்பந்தி திருச்செங்கோட்டுப் பக்கம். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். நல்ல உயரம், அதற்கேற்ற மீசை. நலம் விசாரித்தாலே அதட்டுவது போலிருக்கும். வீடியோவில் அவர் மண்டப வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். அவ்வளவுதான் செய்கிறார். ஆனால் செல்லோக்கள் அடித்தொண்டையில் உறும, நடுவே ஒரு மணி 'டங்' என்று விழ, யார் தலை போகப்போகிறதோ என்று நானே கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பந்தியில் அவர் இலைக்குத் தண்ணீர் தெளித்தபோது அது தண்ணீர்தானா என்று சந்தேகம் வந்தது.

தலை ஆடிக்கு மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். வந்தால் வீடியோ பார்க்காமல் போகமாட்டார்கள். "இதப் பாத்துட்டுப் போனா, அந்தூட்டுல எம்புள்ளைய எப்படிடா வெச்சுக்குவாங்க?" என்றாள் அக்கா.

எங்கள் குடும்பத்தில் சினிமா இசை என் இலாகா. பின்னணி இசையைப் பற்றிச் சிற்றிதழ்களில் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். நடிகர் முகத்தைத்தான் தருகிறார், அழுகையைத் தருபவர் இசையமைப்பாளரே என்றெல்லாம். அவற்றை முழுக்கப் படித்தவர் பிழை திருத்தியவர் ஒருவரே. அவரும் பிழைகளைத்தான் படித்தார்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருந்தது ஸ்டுடியோ. எடிட்டர் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"உங்க மாமாதாங்ணா சொன்னாரு, சம்பந்தி வெயிட்டான பார்ட்டி, மியூசிக்கும் வெயிட்டா இருக்கோணும்னு. வெயிட்டுன்னா எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது."

லாரி லோடுக்கும் மனிதருக்கும் 'வெயிட்டு' என்று ஒரே சொல்லைப் புழங்கும் ஊரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வயலின் போடச் சொன்னேன், சோகம் கலந்த கண்ணியம் வருமென்று. செருப்பைக் கழற்றிய சம்பந்தி, இனி அதைப் போட்டுக்கொள்ளவே போவதில்லை என்பது போல் ஆகிவிட்டார். கடைக்குள் வேறு வேலையாக வந்திருந்த ஒரு அம்மாள், "பாவம், எந்த ஆசுபத்திரியில காட்டுறாங்க?" என்று கேட்டாள்.

புல்லாங்குழலுக்கு மாறினோம். பன்னீர் தெளிக்கும் பெண்ணைப் பார்த்து சம்பந்தி ஒப்புக்குப் புன்னகைக்கும் இடம் வந்தது. குழல் இழைந்ததும் அந்தப் புன்னகைக்குப் பின்னால் ஒரு பழைய கதை முளைத்துவிட்டது. பன்னீர் தெளித்தவர் என் மனைவி.

"எடுங்க அத" என்றேன்.

இசையே இல்லாமல் ஓட்டினோம். "குண்டு வெடிக்கப் போறதாட்ட இருக்குதுங்ணா" என்றார் எடிட்டர். கடைசியில் நாதஸ்வரம் போட்டோம். கல்யாண வீடியோவுக்கு நாதஸ்வரம் என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருட ரசனை தேவைப்பட்டிருக்கிறது.

கிளம்பும்போது வீடியோவில் இன்னொன்று காதில் விழுந்தது. தேங்காய்க் கூடையோடு நான் நடந்து வரும் இடத்தில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம்.

"இது யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்ணா. உங்களப் பாத்ததும் தானா வந்துருச்சு."

ஆடி விருந்தன்று எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பென் டிரைவைச் செருகிய மாமா, பட்டியலில் முதலில் இருந்ததைத் தட்டிவிட்டார். அது பழைய வீடியோ. செல்லோ உறுமியது. பாயச டம்ளரோடு அக்கா அப்படியே நின்றாள்.

திரையில் தன்னைக் கண்ட சம்பந்தி முன்னால் சாய்ந்தார். "மேளம் பிரமாதமுங்க!" என்று கத்தினார்.

மேளம் எங்கே என்று எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"ரிக்கு கம்ப்ரசர் பக்கத்துலயே நின்னு நின்னு அவருக்குக் காது மந்தமுங்க" என்றார் சம்பந்தியம்மா. "அதான் எப்பவும் இந்தக் கத்து."

மணி 'டங்' என்று விழுந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து அக்காவுக்கும் கண் கலங்கியது. முந்தானையை எடுத்தபோது அவர் மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஊட்டுக்குள்ள வாரப்பல்லாம் இந்த மியூசிக்கு எனக்குக் கேக்குமுங்க. இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் மத்தவங்களுக்கும் கேக்குது." பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "ஏஞ்சாமி, உனக்கும் கேக்குமா?"

அக்கா மகள் உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. "கேக்குமுங்கத்தே."

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். அக்கா மெல்ல உட்கார்ந்து, சம்பந்திக்குக் கொண்டுவந்த பாயசத்தைத் தானே குடித்து முடித்தாள்.

அப்போது திரையில் நான் தேங்காய்க் கூடையோடு வந்தேன். 'டொய்ங்.' வீடே என் பக்கம் திரும்பிச் சிரித்தது, என் மனைவி சற்றுக் கூடுதலாகவே. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அந்தக் கூட்டத்தில் என்னை மனிதனாக மதித்தவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் இசை கேட்கவில்லை.