பெயரில்லாமல் திரும்பிய கோப்புகள்

கோப்பைத் திறக்கும் முன் பொன்னுசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைப்பார். அவசரப்பட்டு நான் வாயைத் திறந்தால், "தூஸ்மா, மிஸ்யே. மெதுவா, ஐயா" என்பார். தட்டச்சுப் பலகையில் யாராவது ரொட்டித் தூளைச் சிந்தினால் மட்டும் இந்த நிதானம் பறந்துவிடும். அன்று முழுக்க முறைப்பார்.

ரோஸ் பெல்லில் கரும்புக்காட்டை ஒட்டிய கம்பளிச்சட்டை ஆலையில் கணினிகள் அவர் பொறுப்பு. அங்கே அவருக்கு 'டாக்டர்' என்று பெயர். நோயாளியைத் தவிர வேறு யாரோடும் பேசாத டாக்டர். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த நான் அவருக்குப் பக்கத்து வீடு. சனிக்கிழமை காலைகளில் என்னையும் ஆலைக்குக் கூட்டிப்போவார்.

அவர் மனைவி தெய்வானை அதே ஆலையில் பின்னல் வடிவங்களைக் கணினியில் வரைந்தவர். அன்றைக்கு மனதில் என்ன இருந்ததோ அதையே தீவின் பிரெஞ்சு கலந்த பேச்சில் கோப்புக்குப் பெயராக வைத்துவிடுவாராம். பேருந்து வராத நாளில் வரைந்தது 'பிஸ் பா வினி'. காவடி விருந்தின் ஏழு கறியை நினைத்துக்கொண்டு வரைந்தது 'செத் காரி'. கணவரோடு ஊடிய நாளில் 'பூடே'. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு. 1995இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. யாரும் அழித்துவிடக் கூடாதென்று பொன்னுசாமி அந்தக் கோப்புறையைக் கணினியில் ஆலைக்கான பகுதியிலிருந்து எடுத்துத் தன் சொந்தப் பகுதியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் கணினியின் இயங்குதளத்துக்கு மையமான கெர்னல் நிரல் புதிதாக வந்தது. ஏற்றி ஓடவிட்டால், கோப்புகள் இருக்கும் வட்டைப் படிக்கவே முடியவில்லை. பழுதுபார்க்கும் நிரல் ஒவ்வொரு சிதைவுக்கும் 'சரிசெய்யட்டுமா?' என்று கேட்டது. பின்னல் பொறிகள் நிற்கின்றன. வாசலில் மேலாளர் ஒதில் அம்மையார் நிற்கிறார். பொன்னுசாமி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஆம்' என்று தட்டிவிட்டார். ஆலையின் கோப்புகளுக்குக் காந்த நாடாவில் நகல் இருந்ததால் மதியத்துக்குள் எல்லாம் வந்துவிட்டன. அவர் தன் சொந்தப் பகுதியை நாடாவில் எடுத்ததே இல்லை. தெய்வானையின் கோப்புகள் மட்டும் அந்தப் பழுதுபார்ப்பில் பெயர் இழந்து வெறும் எண்களாகத் திரும்பின.

"தெசென் லா, நோ? லெஸ் நிமெரோ" என்றாராம் ஒதில். வடிவம்தான் இருக்கிறதே, எண்ணே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பொருள். ஆலைக்கு அது சரிதான்.

"கோப்பு வந்துடுச்சு, மிஸ்யே. அவ பேச்சு வரல. மோ ஃபோத், என் தப்பு. நாந்தானே எடுத்து வச்சேன்" என்றார் ஒருநாள். பத்திரப்படுத்தியதே வினையாகிவிட்டது.

இரண்டு வருடமாக ஒவ்வொரு சனியும் எண்களை ஒவ்வொன்றாகத் திறந்து, வடிவத்தைப் பார்த்துப் பெயரை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார். அறுபத்து நான்கு தேறியிருக்கிறது. ஊகித்து எதையும் எழுதமாட்டார். ஒரு மயிலுக்கு 'மயில்' என்றே வைத்தால் என்ன என்று கேட்டேன். "அவ அப்டி லேசா வைக்கமாட்டா" என்று சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

சென்ற வாரம் திரையில் வந்தது, சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் படகுகள். அரைமணி நேரம் பார்த்தார். பெயரைக் கேட்டுத் திரையில் ஒரு கட்டம் துடித்துக்கொண்டிருந்தது. உதட்டை அசைத்துப் பார்த்தார், பெயர் வரவில்லை. பிறகு தட்டச்சுப் பலகையை இரண்டு கையாலும் மெல்ல நகர்த்தி, தெய்வானை உட்கார்ந்து வரைந்த பக்கம், காலி நாற்காலிக்கு நேராக வைத்தார்.