கொல்லிமலை மிளகுக்குப் போட்டியாளர் யார்?

யாருக்கும் புரியாத கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலைத் தனக்கே புரியாத இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிற தொழிலுக்குச் சந்தை ஆய்வு என்று பெயர். கேள்வித்தாளும் கையுமாக வெயிலில் அலைந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் வேலையை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். வீட்டுக்குப் போனால் திருச்சியில் அண்ணனின் செல்போன் கடையில் ரீசார்ஜ் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான். அண்ணன் எனக்கென்று ஒரு ஸ்டூல்கூட வாங்கி வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஜெர்மனியிலிருந்து ஒரு மசாலா கம்பெனி, கொல்லிமலை மிளகை நேரடியாக வாங்கலாமா என்று எங்களிடம் கேட்டது.

"போட்டியாளர், புதிதாக நுழைபவர், மாற்றுப் பொருள், வாங்குபவர், சப்ளையர். ஒரு தொழிலை நெருக்குவது இந்த ஐந்து சக்திகள்தான். ஐந்தையும் பிடித்துக்கொண்டு வா" என்று, சந்தையில் கோழி பிடித்து வரச் சொல்வதுபோல் மேனேஜர் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளில் காலைச் சாப்பாட்டைப் பறிகொடுத்துவிட்டு மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.

வியட்நாமா, பிரேசிலா?

அங்கே மிளகு விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர் பெரியசாமி அண்ணன். நான் போனபோது மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே நின்று அண்ணாந்தபடி, "சர்வதேச அளவில் உங்களுக்கு முக்கியமான போட்டியாளர் யாருங்க?" என்று கத்தினேன். வியட்நாம், பிரேசில், இந்தோனேசியா என்று டிக் அடிக்கக் கட்டங்கள் தயாராக இருந்தன.

அவர் பறிப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தார். பிறகு பக்கத்து மரத்தைக் கை காட்டினார். "அதா, அந்த மைனாவுங்க. நான் ஏணியத் தேடி எடுத்தாறதுக்குள்ள பழுத்ததையெல்லாம் முடிச்சுட்டுப் போயிருதுங்க."

மாற்றுப் பொருள்

அவர் மனைவி செல்லம்மா அக்கா ரசம் வைத்துக்கொண்டிருந்தார். "மிளகு விலை ஏறிவிட்டால் அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்டேன். கேள்வித்தாளில் அப்படித்தான் இருந்தது. யாரிடம் கேட்கிறோம் என்று யோசிக்கக் கேள்வித்தாளில் இடமில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளைய வெக்கறதே நாங்கதானுங்க அம்மிணி. வெல ஏறுனா சந்தோசத்துல ரெண்டு மிளகு சேத்தித்தான் போடுவோம்."

புதிதாக நுழைபவர்

மறுநாள் களத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. "இந்தத் தொழிலுக்குள் புதிதாக யாராவது நுழைந்து உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறார்களா?" என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள்.

பெரியசாமி அண்ணன்தான் மரியாதை குறையாமல் சொன்னார். "இப்போதைக்கு நீங்க ஒருத்தர்தானுங்க. கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா காயற மிளகு மிதிபடாது."

ரசீது

ஜெர்மனிக்குச் சாம்பிள் மிளகு அனுப்ப வேண்டும். அது பிடித்துவிட்டால் சங்கத்துக்கு ஆர்டர், எனக்கு வேலை. பெரியசாமி அண்ணன் ஒரு துணிப்பையில் மிளகு கட்டிக் கொடுத்தார். ஆனால் ரசீது இல்லாத பொருளை எங்கள் அலுவலகம் ஏற்காது. பேட்டி கொடுப்பவரிடம் இனாம் வாங்கினால் ஆய்வில் பாரபட்சம் வந்துவிடுமாம். பெரிய நீதிபதி போல அந்தப் பையை மறுத்துவிட்டு, ரோட்டோரம் டூரிஸ்ட்டுகளுக்கு விற்கிற ஒரு கடையில் 'அசல் மலை மிளகு' என்ற போர்டைப் பார்த்து, கம்ப்யூட்டர் பில்லோடு இரண்டு கிலோ வாங்கி அனுப்பினேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மிளகு தரமாக இருக்கிறதாம். ஆனால் அது வியட்நாம் மிளகு என்று அவர்களுடைய ஆய்வகம் சொல்கிறதாம். அதே சரக்கை அங்கிருந்தே வாங்கிக்கொண்டிருக்கிறார்களாம், எதற்காகக் கொல்லிமலை ஏற வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் போனில் என்னைத் திட்டவே இல்லை. "ஒரு வாரம் தருகிறேன்மா" என்று அன்பாகப் பேசினார். எனக்கு அந்த ஸ்டூல் கண்ணில் தெரிந்தது.

மறுபடி மலையேறினேன். களத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். என் வேலை போவதைவிட, அவர்கள் ஆர்டரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே என்றுதான் வெட்கமாக இருந்தது. அழுதே விட்டேன். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பெரியசாமி அண்ணன் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இதுக்கு ரசீது இல்லீங்க அம்மிணி. வேணும்னா மரத்தக் காட்டறேன், போட்டோ புடிச்சுக்கோங்க."

பெயர் சூட்டல்

ரசீதுக்குப் பதில் மரத்தின் போட்டோவை இணைத்து அனுப்பினேன். மரத்துக்கு ஜிஎஸ்டி எண் உண்டா என்று எங்கள் கணக்குப் பிரிவு எழுத்துபூர்வமாகக் கேட்டது. ஜெர்மனிக்காரர்கள் அதெல்லாம் கேட்கவில்லை. மிளகை முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் ஆர்டரைச் சங்கத்தின் பெயருக்கே போட்டார்கள். என் வேலையும் நிரந்தரமானது. திருச்சியில் அந்த ஸ்டூலில் இப்போது அண்ணி உட்கார்ந்திருக்கிறார்.

நல்ல செய்தியை நேரிலேயே சொல்லலாம் என்று பெருமையோடு போய் வாசலில் நின்றேன். பெரியசாமி அண்ணன் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "செல்லம்மா, நம்ம வியட்நாம் அம்மிணி வந்திருக்குது, காப்பி வையி!"

கொல்லிமலை மிளகுக்கு உலகத்தில் யார் போட்டி என்று கண்டுபிடிக்கப் போனவள், அந்தப் போட்டியையே இரண்டு கிலோ வாங்கி, பில்லோடு கூரியரில் அனுப்பிவைத்தேன் என்பதுதான் என் ஆய்வின் முழுச் சுருக்கம்.