ஒற்றைக் கால் மெட்டி

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் நகை செய்யும் பத்தர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். மனைவியின் மெட்டியில் ஒன்று உடைந்துபோகவே, இன்று நானே வார்த்துப் பார்க்கத் துணிந்தேன்.

கடற்கரை மணலை நனைத்து, நல்ல மெட்டியை அதில் அழுத்தி அச்சு எடுத்தேன். உடைந்ததை உருக்கி ஊற்றினேன். களிமண் சேராத மணல் பொலபொலவென்று சரிந்தது. கிடைத்தது, வெள்ளியில் ஒரு புளியங்கொட்டை.

"அந்த மணல்ல கடலைதான் வறுக்கலாம்" என்றாள் மனைவி.

அவளை ஊருக்கு அழைத்துப்போக நாளை மாமியார் வருகிறார். அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"ஒத்தைக் கால்ல மெட்டியைப் பார்த்தா, நீங்க பாதிதான் இருக்கேள்னு நெனச்சுப்பா அம்மா."

முழுதாக இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. இந்தக் குண்டு பயத்தில் உங்களில் யாருக்காவது முழுதாக இருப்பதாகத் தோன்றுகிறதா?