மோட்டார் கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு

எங்கள் மோட்டார் எரிந்துபோன வருடம் எனக்கு வேவு பார்க்கும் உத்தியோகம் கிடைத்தது. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வேலை கொடுத்தவர் அப்பா. நான் வேவு பார்க்க வேண்டிய ஆள், உறுவையாறு கிராமத்தில் எங்கள் வயலை ஒட்டி நிலம் வைத்திருந்தவர். திருபுவனையில் ஏதோ கம்பெனியில் வேலை என்பதால் எல்லோருக்கும் அவர் கம்பெனிக்காரர். எங்கள் தெருவில் அவர் குடும்பம் மட்டும்தான் கிறிஸ்தவக் குடும்பம். சந்தேகப்பட அப்பாவுக்கு அது போதும்.

நெல் கதிர் வாங்கும் நேரம். மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வில்லியனூர் கடையில் புதுக் கம்பி சுற்றி காயில் கட்டக் கொடுத்த மோட்டாருக்கு, போகும்போதெல்லாம் “நாளைக்கு வாங்க” என்ற பதில்தான் வந்தது. அந்தச் சமயத்தில் தண்ணீர் நின்றால் கதிரெல்லாம் பதராகிவிடும். எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், யூனிஃபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் கம்பெனிக்காரர் பைக்கில் வந்து இறங்கினார்.

“அண்ணே, ஒங்க மோட்டார் வர்ற வரைக்கும் எங்க போர்லேர்ந்து பாய்ச்சிக்கோங்க. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நானே வந்து போட்டு வுட்டுடறேன்.”

அப்பா தலையை ஆட்டி வைத்தார். பைக் தெரு முனை திரும்பியதும் வாயைத் திறந்தார்.

“இவன் இன்னாத்துக்கு சும்மா குடுக்குறான்?”

திட்டிக்கொண்டே கொடுப்பவர்களை அப்பா நம்புவார். சிரித்துக்கொண்டு கொடுப்பவர்களிடம் உள்நோக்கம் தேடுவார். இன்றைக்குத் தண்ணீர், நாளைக்கு “ஒங்களுக்காக ஜெபம் பண்றோம்ணே”, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அவர்கள் கோயிலுக்குக் கூப்பிடுவான் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவன் கூப்பிடும்போது சொல்லவேண்டிய பதிலைச் சாப்பிடும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தார். பதில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷர் கூப்பிட்டால்தானே! கூப்பிடாதது அப்பாவை இன்னும் எரிச்சலாக்கியது. ஆழமான ஆள் என்றார்.

முதல் நாளே என்னை அனுப்பினார். மோட்டாரைப் போடும்முன் கம்பெனிக்காரர் கொட்டகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஓடிவந்து சொன்னேன்.

“பாத்தியாடி, தண்ணிய மந்திரிச்சி வுடுறான்!” என்று அப்பா அம்மாவிடம் கத்தினார். அப்பாவும் ஸ்டார்ட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் ஒருநாளும் மோட்டாரைப் போட்டதில்லை. அதையெல்லாம் அப்போது யார் நினைத்தார்கள்? மண்வெட்டியோடு போய் எங்கள் மடையை அடைத்துவிட்டு வந்தார்.

தினமும் காலையில் கம்பெனிக்காரர், “தொறக்கலாமாண்ணே?” என்று கேட்டார். அப்பா, “இருக்கட்டும் இருக்கட்டும்” என்றார். வயலில் மண் வெடிக்க ஆரம்பித்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“பயிரு காஞ்சி போனா எந்த சாமி வந்து நமக்கு சோறு போடும்? மந்திரிச்ச தண்ணின்னா நெல்லு வெளைய மாட்டேன்னுதா?”

அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். அவன் என்னதான் சொல்கிறான் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணலாம் என்றார். மறுநாள் நான் கொட்டகைக்குப் பின்னால் போய், தகரத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாமல் கம்பெனிக்காரர் வாய்விட்டே பேசினார். கேட்டதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் வந்து ஒப்பித்தேன்.

“ஆண்டவரே, இந்த மனுசன் வருசா வருசம் எங்க வரப்ப அரிச்சிகினே வர்றாரு. பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது. இவருக்குத் தண்ணி வுட எனக்கு மனசே வரல. நீங்கதான் என் கையப் புடிச்சி வுட வைக்கணும். நான் வாயத் தொறந்தா சண்டையாயிடும். என் வாயக் கட்டுங்க ஆண்டவரே.”

அப்பா கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

வரப்பு விஷயம் எனக்கும் தெரியும். நடவுக்கு முன் வரப்பைச் செதுக்கும்போது அப்பா எங்கள் பக்கத்து மண்ணை வெட்டி, அவர் பக்கம் அணைத்துவிடுவார். வரப்பு இருக்கும், ஆனால் வருடத்துக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும். பயிர் வைப்பதில் அதுவும் ஒரு வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

“வேற இன்னா சொன்னான்?” என்று அப்பா கேட்டார்.

“அவ்ளோதாம்பா.”

“கோயிலுக்கு வரச் சொல்லி எதனா?”

“இல்லப்பா.”

மறுநாள் காலை அப்பாவோடு நானும் போனேன். அடைத்த மடையைத் திறந்துவிட்டு, அவர் வரப்பில் இறங்கினார். கம்பெனிக்காரர் பக்கத்து மண்ணை வெட்டி வெட்டி எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார். கதிரோடு நின்ற எங்கள் ஓரத்துப் பயிர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று எனக்கு அழுகை வந்தது. ஒரு கதிர் உடைந்தால்கூட ஊரைக் கூட்டுகிறவர் அவர்.

பைக்கை நிறுத்திவிட்டு வந்த கம்பெனிக்காரர் வரப்பைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாண்ணே இது?”

அப்பா நிமிரவில்லை. “மழைல வரப்பு சரிஞ்சி ஒங்க பக்கம் வந்துட்டிருந்தது.”

அந்த வருடம் மழை ஏது? இப்போது மாட்டிக்கொண்டார் அப்பா என்று நான் கம்பெனிக்காரரின் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமாண்ணே,” என்றார் அவர். “நானும் பாத்தேன். நல்ல மழை.”

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவரும் இறங்கி, வெறுங்கையால் மண்ணை அணைக்க ஆரம்பித்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். என் உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய துப்பு எனக்குக் கிடைத்ததில்லை.

“யம்மா, அப்பா சந்தேகப்பட்டது சரிதாம்மா! அந்தாளு கண்ண மூடிகினு சாமி கும்பிடறதெல்லாம் சும்மா. வாயத் தொறந்தா பொய்யி!”